பேய்லரில் ஃபைனான்ஸா பயாலஜியா: முதல் செமஸ்டரில் எதை எடுத்தால் இரண்டுக்கும் வழி இருக்கும்?

இர்விங் அப்பா (கேள்வி)

வணக்கம். மகளுக்கு டெக்சஸ் வேக்கோவில் உள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் வகுப்பு. பிபிஏ ஃபைனான்ஸ் எடுப்பதா, பயாலஜி எடுத்து மெடிக்கல் பக்கம் போவதா என்று இன்னும் முடிவாகவில்லை. கணக்கு, வேதியியல் இரண்டும் பள்ளியில் நன்றாகவே வந்தன. ஓரியன்டேஷனில் பாடங்களைப் பதிய வேண்டுமாம். அதற்குள் தெரிய வேண்டியவை:

முதல் ஆண்டு முடியும் வரை இரண்டுக்கும் வழி விட்டு வைக்க முடியுமா? எந்தப் பாடங்களை எடுத்தால் எதுவும் வீணாகாது?

நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. சேப்பல் (வளாக வழிபாட்டுக் கூட்டம்), பைபிள் பாடம் கட்டாயம் என்கிறார்கள். அதனால் பட்டம் தள்ளிப்போகுமா? பரிணாமத்தைச் சரியாகக் கற்பிப்பார்களா?

ஹியூஸ்டனில் உள்ள பேய்லர் மெடிக்கல் காலேஜில் வேக்கோ மாணவர்களுக்கு முன்னுரிமை உண்டா?

---

கேட்டலாக் வாசகர்

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் நம் குடும்பங்களில் மிக அதிகமாகக் குழம்புவது இதில்தான். ஹியூஸ்டனில் உள்ள பேய்லர் காலேஜ் ஆஃப் மெடிசின் 1969-லேயே பல்கலையிலிருந்து பிரிந்து தனி நிறுவனம் ஆகிவிட்டது. பெயர் மட்டும்தான் ஒன்று. வேக்கோவில் பயாலஜி படித்தால் அங்கே தானாக இடம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் இடையே 'பேய்லர் டு பேய்லர்' என்ற ஒரு வழி உண்டு. ஆனால் அதற்குப் பள்ளி இறுதியாண்டிலேயே தனியாக விண்ணப்பிக்க வேண்டும், இடங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உங்கள் மகள் அதில் இல்லையென்றால், அவர் மற்ற எல்லாக் கல்லூரி மாணவர்களோடும் ஒரே வரிசையில்தான் நிற்பார்.

அடுத்தது மதப் பாடங்கள். பேய்லர் பாப்டிஸ்ட் பல்கலை. டெக்சஸ் தனிக் குடியரசாக இருந்தபோது 1845-ல் சாசனம் பெற்றது. மாணவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. இதை எல்லாக் கிறிஸ்தவப் பல்கலைக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கலிபோர்னியாவின் பயோலாவில் இளநிலை மாணவர் கிறிஸ்தவ விசுவாசத்தை அறிக்கையிட்டாக வேண்டும். இலினாயின் வீட்டன் கல்லூரியில் வாழ்க்கை நெறி உடன்படிக்கையில் கையெழுத்து கேட்பார்கள். இன்னொரு குழந்தைக்கு வேறு கிறிஸ்தவப் பல்கலை பார்க்கும்போது இதை முதலில் விசாரியுங்கள்.

பேய்லரில் எல்லா இளநிலை மாணவருக்கும் கட்டாயமானவை மூன்று: ரிலிஜன் 1310 (கிறிஸ்தவ வேதம்), ரிலிஜன் 1350 (கிறிஸ்தவ மரபு), இரண்டு செமஸ்டர் சேப்பல். இங்கே எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நான்கு இலக்கத்தில் முதல் இலக்கம் பாடத்தின் நிலை, இரண்டாவது இலக்கம் கிரெடிட் மணி. ரிலிஜன் 1310 என்றால் முதல் நிலை, 3 மணி. பயாலஜி 1305 லெக்சர் 3 மணி, அதோடு வரும் லேப் பயாலஜி 1105 ஒரு மணி. சேப்பலின் எண் 1088, அதாவது பூஜ்ய மணி. கிரெடிட் இல்லை, ஆனால் அது நிறைவேறாமல் பட்டம் இல்லை. டெக்சஸ் கம்யூனிட்டி காலேஜ்களின் பொது எண் முறையிலும் இரண்டாவது இலக்கம் இதே வேலையைத்தான் செய்கிறது: அங்கே பயாலஜி 1406 என்றால் லேபோடு சேர்த்து 4 மணி.

ஆக மதப் பாடம் மொத்தம் 6 மணி. பட்டத்துக்குச் சுமார் 120 மணி, எட்டு செமஸ்டரில் செமஸ்டருக்கு 15. இந்த 6 மணியால் யாருக்கும் பட்டம் தள்ளிப்போவதில்லை. தள்ளிப்போவது சேப்பலால்தான். பூஜ்ய மணிதானே என்று வருகையில் அலட்சியமாக இருந்து ஃபெயில் ஆகி, கடைசி ஆண்டில் இன்டர்ன்ஷிப் நேரத்தில் சேப்பலுக்காக வளாகத்தில் உட்கார வேண்டி வரும். முதல் இரண்டு செமஸ்டரிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். சேப்பலில் பல வகைப் பிரிவுகள் உண்டு, எல்லாமே பாட்டும் பிரசங்கமும் அல்ல. பதிவு திறந்ததும் பார்த்துத் தனக்கு ஒத்துவரும் பிரிவைப் பிடிக்கலாம்.

ரிலிஜன் 1310-ஐ ஞாயிறு பள்ளி என்று நினைத்துப் போகிறவர்களும் அடிபடுகிறார்கள். அது வாசிப்பும் தேர்வும் உள்ள கல்விப் பாடம். எந்தப் புத்தகம் எந்தக் காலச் சூழலில் எழுதப்பட்டது, யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்பார்கள். பைபிளே திறக்காத பிள்ளைக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு: முன்முடிவு இல்லாமல் பாடத்தைப் பாடமாகவே படிப்பார். மதிப்பெண்ணுக்கு விசுவாசம் தேவையில்லை, வாரா வாரம் வாசித்திருக்க வேண்டும், அவ்வளவே.

பரிணாமம் பற்றிக் கவலை வேண்டாம். பேய்லர் பயாலஜித் துறை பரிணாமத்தை நவீன உயிரியலின் அடிப்படைக் கோட்பாடாக ஏற்று வெளிப்படையாகவே அறிக்கை வைத்திருக்கிறது. எந்தக் கிறிஸ்தவப் பல்கலையானாலும் துறையின் பக்கத்தில் இப்படி ஓர் அறிக்கை இருக்கிறதா, மரபியலும் பரிணாமமும் மேல்நிலைப் பாடப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டால் போதும்.

---

லேப் மேசை

முதல் கேள்விக்கு என் பதில்: முடியும். ஆனால் வேதியியலை முதல் செமஸ்டரிலேயே தொடங்கினால்தான் முடியும்.

காரணம் சங்கிலி. மெடிக்கலுக்கு 'ப்ரீமெட்' என்று ஒரு மேஜர் (முதன்மைப் பாடம்) கிடையாது. எந்த மேஜர் படித்தாலும் சரி, முன்தேவைப் பாடங்கள் முடிந்திருக்க வேண்டும். பெரும்பாலான மெடிக்கல் காலேஜ்கள் கேட்பது: லேபோடு பயாலஜி ஓராண்டு, பொது வேதியியல் ஓராண்டு, கரிம வேதியியல் ஓராண்டு, இயற்பியல் ஓராண்டு, உயிர்வேதியியல் ஒரு செமஸ்டர், புள்ளியியல் ஒன்று. ஒவ்வோர் ஆண்டுப் பாடமும் லேபோடு 8 மணி, நான்குக்கு 32. உயிர்வேதியியல் 3, புள்ளியியல் 3. மொத்தம் 38 மணி.

இதில் வேதியியல் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். பொது 1, பொது 2, கரிம 1, கரிம 2, அதன் பிறகே உயிர்வேதியியல். ஐந்து செமஸ்டர். முதல் ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்கினால் மூன்றாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் உயிர்வேதியியல் முடியும். அடுத்து வரும் வசந்தத்தில் எம்கேட் (மெடிக்கல் நுழைவுத் தேர்வு) எழுதி, மே, ஜூனில் விண்ணப்பிக்கலாம். எம்கேட்டில் உயிர்வேதியியல் நிறைய வரும், அது படிக்காமல் எழுதுவது வீண் வேலை. ஒரு செமஸ்டர் தாமதித்தால் கரிம வேதியியலைக் கோடையில் அமுக்கிப் படிக்க வேண்டும், அல்லது பட்டத்துக்குப் பிறகு ஓராண்டு இடைவெளி.

ஃபைனான்ஸ் சங்கிலி குட்டையானது. அக்கவுண்டிங்கை இரண்டாம் ஆண்டில் தொடங்கினாலும் நான்கு ஆண்டில் முடிக்கலாம். அதனால் வேதியியலில் தொடங்கி ஃபைனான்ஸுக்கு மாறுவது எளிது, ஃபைனான்ஸில் தொடங்கி வேதியியலுக்கு வருவது கஷ்டம்.

முதல் செமஸ்டர் இப்படி இருக்கலாம்: பொது வேதியியல் 1 லேபோடு 4 மணி, கால்குலஸ் 1 மூன்று மணி, மைக்ரோ எகனாமிக்ஸ் 3, ரிலிஜன் 1310 மூன்று, சேப்பல் பூஜ்யம். 13 மணி. வசந்தத்தில் பொது வேதியியல் 2, பயாலஜி 1305-உம் 1105-உம், மேக்ரோ எகனாமிக்ஸ், ஆங்கிலம். 14 மணி. மார்ச்சில் இரண்டாம் ஆண்டுக்குப் பதியும்போது முடிவெடுத்தால் போதும். ஃபைனான்ஸ் என்று முடிவானால் வேதியியலும் பயாலஜியும் அறிவியல் தேவைக்கும் எலெக்டிவுக்கும் கணக்காகும். பயாலஜி என்று முடிவானால் எகனாமிக்ஸ் சமூக அறிவியல் தேவைக்குப் போகும்.

கால்குலஸில் ஒரு பொறி இருக்கிறது. பிசினஸ் மாணவருக்கென்று தனியாகக் கணிதப் பாடம் இருந்தால், சுலபம் என்று அதை எடுத்துவிடுவார்கள். பயாலஜி பிஎஸ் பட்டத்துக்கு அது பெரும்பாலும் செல்லாது. சாதாரண கால்குலஸ் 1 இரண்டு பக்கமும் செல்லும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர் எப்போதும் கடினமான கணக்கையே எடுக்க வேண்டும்.

அடுத்து, மதிப்பெண். சி-க்குக் கீழே வாங்கிய முன்தேவைப் பாடம் செல்லாது. மறுபடி படித்து ஏ வாங்கினால் பல்கலையின் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) வேண்டுமானால் மாறலாம். மெடிக்கல் விண்ணப்பம் வாங்கும் அமைப்புகள், நாடு தழுவிய ஆம்காஸ் ஆனாலும் டெக்சஸின் டிஎம்டிஎஸ்ஏஎஸ் ஆனாலும், இரண்டு முயற்சியையும் கணக்கில் சேர்க்கும். பயாலஜி, வேதியியல், இயற்பியல், கணக்கு நான்குக்கும் தனி ஜிபிஏ போடுவார்கள். ரிலிஜனில் வாங்கிய ஏ அதைத் தூக்கிவிடாது.

பயாலஜியில் மதிப்பெண் போவது பெரும்பாலும் லெக்சரில் அல்ல, ஒரு மணி கிரெடிட் உள்ள லேபில். அந்த ஒரு மணிக்கு வாரத்தில் ஒரு முழு மதியமும் ரிப்போர்ட்டும் போய்விடும். கையில் தவறுவது எங்கே என்று தெரிந்தால் பாதி தப்பிக்கலாம். மிகச் சிறு அளவு திரவம் எடுக்கும் மைக்ரோபைபெட்டில் கட்டைவிரல் இரண்டு இடத்தில் நிற்கும். உறிஞ்சும்போது முதல் நிறுத்தம் வரை மட்டுமே அழுத்தி, முனையைத் திரவத்துக்குள் விட்டு மெதுவாக விட வேண்டும். இரண்டாவது நிறுத்தம் வெளியேற்றுவதற்கு மட்டும். உறிஞ்சும்போதே இரண்டாவது வரை அழுத்தினால் அளவு கூடிவிடும். 2 மைக்ரோலிட்டர் எடுக்கும் இடத்தில் இந்தப் பிழை பெரியது, பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் சோதனை) வராமல் போகும்.

டிஎன்ஏ துண்டுகளை மின்சாரத்தால் பிரிக்கும் அகரோஸ் ஜெல்லில் நடப்பது வேறு. 1 சதவீத ஜெல்லுக்கு 50 மில்லி டிஏஇ பஃபரில் (மின்சாரம் கடத்தும் கரைசல்) அரை கிராம் அகரோஸ். பஃபருக்குப் பதில் வெறும் தண்ணீரை ஊற்றிக் காய்ச்சினாலும் ஜெல் அழகாக உறையும், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கரண்ட் கொடுத்த பிறகுதான் பட்டைகள் ஒழுங்காக ஓடாதது தெரியும், அதற்குள் மதியம் முடிந்திருக்கும். டிஎன்ஏவுக்கு எதிர்மின்சுமை, எனவே சிவப்பு முனையை நோக்கி ஓடும். சாம்பிள் ஊற்றும் கிணறுகள் (குழிகள்) கறுப்பு முனைப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் சில நிமிடத்தில் சாம்பிள் பஃபருக்குள் போய்விடும்.

தொடர் நீர்த்தலில் கணக்குப் பிழை சகஜம். 1 மில்லியை 9 மில்லியில் சேர்த்தால் பத்தில் ஒன்று. ஐந்து முறை செய்தால் லட்சத்தில் ஒன்று. அதிலிருந்து 0.1 மில்லி தட்டில் பரப்பி 86 காலனி வந்தால், 86-ஐ 0.1-ஆலும் லட்சத்தில் ஒன்றாலும் வகுக்க வேண்டும்: மில்லிக்கு 8.6 கோடி. அந்த 0.1-ஐ மறந்துவிட்டு 86 லட்சம் என்று எழுதுவார்கள். 30-க்குக் கீழும் 300-க்கு மேலும் காலனி உள்ள தட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பதையும் மறப்பார்கள்.

---

வட்டி விகிதம்

ஃபைனான்ஸ் பக்கத்தைச் சொல்கிறேன். பேய்லரின் பிசினஸ் பள்ளி பெயர் ஹான்கமர், பிசினஸ் பள்ளிகளுக்கான ஏஏசிஎஸ்பி அங்கீகாரம் பெற்றது. ஃபைனான்ஸோடு அக்கவுண்டிங், ரியல் எஸ்டேட், ரிஸ்க் அண்ட் இன்சூரன்ஸ் எல்லாம் தனித்தனி மேஜராக உண்டு. மாணவர்களே உண்மைப் பணத்தில் பங்குகளைத் தேர்ந்து நிர்வகிக்கும் ஒரு முதலீட்டு நிதிப் பாடமும் இருக்கிறது. அதில் சேர மதிப்பெண் பார்ப்பார்கள்.

இரண்டு அக்கவுண்டிங், இரண்டு எகனாமிக்ஸ், புள்ளியியல், பிறகு முதல் ஃபைனான்ஸ் பாடம், அதற்கு மேல் முதலீடு, கார்ப்பரேட் ஃபைனான்ஸ், வங்கி, மதிப்பீடு என்று போகும். முதல் ஃபைனான்ஸ் பாடத்தில் தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோர் கணக்கு வராதவர்கள் அல்லர். அக்கவுண்டிங்கில் லாபம் என்றால் என்ன, கையில் வரும் பணம் என்றால் என்ன என்று பிரித்துப் பார்க்கப் பழகாதவர்கள். ஓர் உதாரணம்.

1,00,000 டாலருக்கு ஒரு இயந்திரம், ஐந்தாண்டு ஆயுள், ஆண்டுத் தேய்மானம் 20,000. தேய்மானத்துக்கு முன் ஆண்டு வருவாய் 35,000. தேய்மானம் போக 15,000, அதற்கு 21 சதவீத வரி 3,150, மீதி 11,850. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். வரும் பணத்தை 10 சதவீதத்தில் ஐந்தாண்டுக்கு இன்றைய மதிப்பாக்கி இயந்திர விலையைக் கழித்தால் நிகர மதிப்பு மைனஸ் 55,079 வரும், திட்டத்தை நிராகரி என்று எழுதுவார்கள். ஆனால் தேய்மானமாகக் கழித்த 20,000 யார் கைக்கும் போகவில்லை. திரும்பக் கூட்டினால் ஆண்டுக்கு 31,850, நிகர மதிப்பு பிளஸ் 20,737. ஒரே வரியில் விடை தலைகீழாகிறது. அக்கவுண்டிங் முதல் பாடத்தை மனப்பாடமாக ஓட்டிய பிள்ளைக்கு இது புரியவே புரியாது. அதனால் ஃபைனான்ஸ் என்றால் அக்கவுண்டிங்கைத்தான் அஸ்திவாரமாக நினைக்க வேண்டும்.

கால்குலேட்டர் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிஏ 2 பிளஸ் வாங்குங்கள், சிஎஃப்ஏ (முதலீட்டுப் பகுப்பாய்வாளர்) தேர்வு வரை அதுவே ஓடும். வாங்கிய அன்றே ஆண்டுக்கான தவணை எண்ணை (பி/ஒய்) 1-இல் வையுங்கள். அது 12-இல் இருந்தால் வட்டியை அதுவாகவே 12-ஆல் வகுத்துவிடும். 1,000 டாலர் முகமதிப்பு, 8 சதவீதக் கூப்பன் (பத்திரம் தரும் வட்டி), ஆண்டுக்கு இருமுறை வட்டி, ஐந்தாண்டு, சந்தை ஈட்டு 10 சதவீதம் என்று ஒரு பத்திரம். அரையாண்டுக் கணக்கில் தவணை 10, வட்டி 5, கூப்பன் 40, முகமதிப்பு 1,000. விலை 922.78. பி/ஒய் 12-இல் இருந்தால் 1,350-ஐ ஒட்டி வரும். ஈட்டு கூப்பனைவிட அதிகமாக இருக்கும்போது விலை 1,000-க்குக் கீழேதான் இருக்க முடியும் என்ற ஒரு எண்ணம் மனதில் இருந்தால் இதை உடனே பிடித்துவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை வட்டி என்று எடுத்துச் செய்தால் 924.18 வரும். இது நம்பும்படி இருப்பதால்தான் ஆபத்து, தேர்வில் விருப்ப விடைகளில் ஒன்றாக அதையும் வைத்திருப்பார்கள்.

வட்டி கண்டுபிடிக்கச் சொல்லும்போது 'எரர் 5' வந்தால் மெஷின் கெட்டுவிடவில்லை. கொடுத்த பணத்துக்கும் வாங்கிய பணத்துக்கும் குறி ஒன்றாக இருக்கிறது. ஒன்றை மைனஸ் ஆக்க வேண்டும். ஒவ்வொரு கணக்குக்கும் முன் டிவிஎம் (தவணை, வட்டி, விலை எண்கள் தங்கும்) நினைவகத்தைத் தனியாக அழிக்க வேண்டும், திரையைத் துடைக்கும் பொத்தான் அதை அழிக்காது.

இன்னொரு விஷயம் காலக்கெடு. இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் போன்ற வேலைகளுக்கு மூன்றாம் ஆண்டுக் கோடை இன்டர்ன்ஷிப்புக்கான ஆளெடுப்பு இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறது. ஆக முதல் மூன்று செமஸ்டர் ஜிபிஏவை வைத்துத்தான் பார்ப்பார்கள். இரண்டாம் ஆண்டு இறுதியில் ஃபைனான்ஸுக்கு வருகிறவருக்கு அந்தப் பேருந்து போயிருக்கும். கார்ப்பரேட் ஃபைனான்ஸ், வங்கிக் கடன் பிரிவு, இன்சூரன்ஸ் போன்றவற்றுக்கு இவ்வளவு அவசரம் இல்லை. 18 வயது ஆனால், பங்குத் தரகு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஃபின்ரா நடத்தும் எஸ்ஐஇ என்ற அடிப்படைத் தேர்வை எந்த நிறுவனத்தின் சிபாரிசும் இல்லாமல் எழுதலாம், தேர்ச்சி நான்கு ஆண்டு செல்லும். ரெஸ்யூமேயில் எழுத ஒன்றும் இல்லாத இரண்டாம் ஆண்டில் அது உதவும்.

---

ஜிபிஏ காவலர்

லேப் மேசை சொன்ன திட்டத்தில் ஒரு திருத்தம். வேதியியலையும் கால்குலஸையும் ஒரே செமஸ்டரில் வைப்பது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. கணக்கு நன்றாக வரும் என்று அப்பா சொல்கிறார். பள்ளியில் ஏபி (கல்லூரி நிலைப் பாடம்) கால்குலஸ் வரை போனவரா, ப்ரீகால்குலஸோடு நின்றவரா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பின்னவர் என்றால் முதல் செமஸ்டரில் வேதியியல் மட்டும், கணக்கு அடுத்த செமஸ்டர். வேதியியல் சங்கிலி அறுபடக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், கால்குலஸுக்கு அந்த அவசரம் இல்லை.

இன்னொன்று, விலகும் தேதி. பாடத்தைத் தடம் தெரியாமல் நீக்க ஒரு கடைசி நாள், அதன் பிறகு 'டபிள்யூ' என்ற குறியோடு விலக இன்னொரு கடைசி நாள். இரண்டும் கல்வி நாட்காட்டியில் இருக்கும். முதல் இரண்டு வேதியியல் தேர்வின் மதிப்பெண் வந்ததும், டபிள்யூ தேதிக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்: மீதித் தேர்வுகளில் எவ்வளவு வாங்கினால் பி வரும்? அது நடக்காத எண் என்றால் ஒரு டபிள்யூ, ஒரு சி மைனஸைவிட எவ்வளவோ மேல். ஆனால் மொத்த மணி 12-க்குக் கீழே போனால் மெரிட் ஸ்காலர்ஷிப் பாதிக்கப்படும். 13 மணித் திட்டத்தில் 4 மணி வேதியியலை விட்டால் 9 ஆகிவிடும். அதனால்தான் முதல் செமஸ்டரில் 16 மணி பதிந்துவிட்டு, தேவைப்பட்டால் 12-க்கு இறங்குவது பாதுகாப்பு. முழுநேரக் கட்டணம் ஒரே தொகையாக இருக்கும் இடத்தில் இதற்குக் கூடுதல் பணமும் இல்லை.

---

இர்விங் அப்பா

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஏபி கால்குலஸ் படித்திருக்கிறாள். ஒரு விஷயம் விட்டுப்போயிற்று: நாங்கள் எச்-1பி (வேலை விசா), அவள் எச்-4 (அதைச் சார்ந்த குடும்ப விசா). 19 வயது ஆகப்போகிறது. கிரீன் கார்டு வரிசை நீளம். ஃபைனான்ஸ் மேஜர், பயாலஜி மைனர் (துணைப் பாடம்) என்று எடுத்தால் ஸ்டெம் ஓபிடி (அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்குக் கூடுதல் காலம் வேலை செய்யும் அனுமதி) கிடைக்குமா?

---

ஐ-20 பார்ப்பவர்

கிடைக்காது அண்ணா. மைனரை வைத்து ஸ்டெம் நீட்டிப்பு தர மாட்டார்கள். ஐ-20-இல் (பல்கலை தரும் மாணவர் விசாப் படிவம்) மேஜராக இருப்பதற்கு மட்டுமே கணக்கு.

முறைப்படி சொல்கிறேன். எஃப்-1 (மாணவர் விசா) மாணவருக்குப் பட்டத்துக்குப் பின் 12 மாதம் ஓபிடி. மேஜர் ஸ்டெம் பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம். பட்டியலில் இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது ஐ-20-இன் முதல் பக்கத்தில் மேஜர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஆறு இலக்க சிஐபி எண் (பாடப்பிரிவுக் குறியீடு). பொது உயிரியல் 26.0101 பட்டியலில் உண்டு. ஃபைனான்ஸ் 52.0801 இல்லை. சாதாரண எகனாமிக்ஸ் 45.0601 இல்லை, எகனாமெட்ரிக்ஸ் அண்ட் குவான்டிடேட்டிவ் எகனாமிக்ஸ் 45.0603 உண்டு. ஒரே பெயருள்ள மேஜருக்கு இரண்டு பல்கலை இரண்டு எண் வைத்திருக்கலாம், அதனால் பெயரைப் பார்க்காமல் எண்ணைக் கேளுங்கள். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சலில் சொல்லிவிடுவார்கள். இரட்டை மேஜர் எடுத்து இரண்டும் ஐ-20-இல் இருந்தால் ஸ்டெம் மேஜரை வைத்துக் கேட்கலாம். ஆனால் வேலையும் அந்த மேஜரோடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும். பயாலஜி மேஜரை வைத்துக்கொண்டு சாதாரண வங்கி வேலைக்குக் கேட்க முடியாது. பயோடெக் நிறுவனங்களை ஆராயும் வேலை என்றால் எழுதிக் காட்ட இடம் இருக்கிறது.

உங்களுக்கு அதைவிட அவசரமானது 21 வயது. அன்றோடு எச்-4 முடிகிறது. அதற்கு முன்பே எஃப்-1 மாற்றத்துக்கு விண்ணப்பம் போயிருக்க வேண்டும். உள்ளூரிலேயே மாற்றினால் மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் 20 முடியும் வரை காத்திருக்காதீர்கள். ஃபைனான்ஸ் என்றால் இன்னும் முன்னதாகவே மாற வேண்டும். காரணம், எச்-4 பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலையே செய்யக் கூடாது, அந்த எச்-4 வேலை அனுமதி துணைவருக்கு மட்டும்தான். மூன்றாம் ஆண்டுக் கோடை இன்டர்ன்ஷிப்பில் பெரும்பாலும் சம்பளம் கொடுப்பார்கள். எஃப்-1-இல் இருந்தால் சிபிடி (படிக்கும்போதே பயிற்சி வேலைக்கான அனுமதி) வழியாகப் போகலாம். அதற்கு ஒரு முழுக் கல்வியாண்டு முழுநேரமாகப் படித்திருக்க வேண்டும், இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் ஓபிடி போய்விடும், இரண்டு கோடைக்கு அந்தக் கவலை இல்லை.

எஃப்-1 ஆன பிறகு ஜிபிஏ காவலர் சொன்ன டபிள்யூ கணக்கில் ஒரு கூடுதல் நிபந்தனை சேரும். 12 மணிக்குக் கீழே இறங்குவதானால், பாடத்தை விடுவதற்கு முன் சர்வதேச மாணவர் அதிகாரியின் அனுமதி வேண்டும். விட்டுவிட்டுப் போய்ச் சொன்னால் அந்தஸ்து மீறல்.

மெடிக்கல் பக்கம் நேராகச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் பல மெடிக்கல் காலேஜ்கள் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இல்லாதவரை எடுப்பதே இல்லை. எடுக்கும் சிலவும் நான்காண்டுக் கட்டணத்துக்கு முன்கூட்டியே பணம் காட்டச் சொல்லலாம். டெக்சஸ் அரசு மெடிக்கல் காலேஜ்களில் 90 சதவீத இடம் டெக்சஸ் குடியிருப்பாளருக்கு. உங்கள் குடும்பம் இங்கே நிலையாக இருப்பதால் அந்தக் கணக்கு உதவலாம், ஆனால் குடியிருப்புத் தகுதி வேறு, அந்தக் கல்லூரி உங்கள் விசா வகையை ஏற்குமா என்பது வேறு. ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்திலும் 'விசா' என்று தேடிப் பட்டியல் போட்டுவிட்டு, அதன் பிறகு மகளோடு பேசுங்கள். பட்டியலில் எத்தனை மிஞ்சுகிறது என்பதை அவள் தெரிந்துகொண்டே கரிம வேதியியலுக்குப் போகட்டும்.

---

லேப் மேசை

ஐ-20 பார்ப்பவர் சொன்னதை வைத்து என் திட்டத்தைக் கொஞ்சம் மாற்றுகிறேன். ஏபி கால்குலஸ் படித்தவர் என்பதால் கால்குலஸ் 1 முதல் செமஸ்டரிலேயே இருக்கட்டும். 13 மணியோடு ஆங்கிலம் 3 சேர்த்து 16 பதியுங்கள். வேதியியல் சரியாகப் போகவில்லை என்றால் அதை விட்டாலும் சரியாக 12 நிற்கும். வசந்தத்தில் ஆங்கிலத்தின் இடத்தில் ரிலிஜன் 1350.

ஏபி பயாலஜிக்கு மதிப்பெண் இருந்து கிரெடிட் கிடைத்தால் பிபிஏவுக்குப் பயன்படுத்தலாம். மெடிக்கல் எண்ணம் இருக்கும் வரை 1305-ஐத் தாண்டிக் குதிக்க வேண்டாம். ஏபி கிரெடிட்டை முன்தேவையாக ஏற்காத மெடிக்கல் காலேஜ்கள் உண்டு, குதித்தால் பிறகு மேல்நிலைப் பாடம் எடுத்து ஈடுகட்ட வேண்டும். கோடையில் வீட்டுப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஏதாவது படிப்பதானால், சேரும் முன்பே பேய்லரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். எகனாமிக்ஸை அங்கே முடிக்கலாம், வேதியியலை வேண்டாம்.

ஓரியன்டேஷனுக்குப் போகும்போது அவளிடம் மூன்று காகிதம் இருக்கட்டும்: அவள் சேரும் ஆண்டின் கேட்டலாக்கில் உள்ள பிபிஏ ஃபைனான்ஸ் பக்கம், பிஎஸ் பயாலஜி பக்கம், ஏபி மதிப்பெண் சீட்டு. பட்ட விதிகள் சேர்ந்த ஆண்டின் கேட்டலாக்கோடு கட்டுப்பட்டவை, பழைய ஆண்டுப் பட்டியலை யாராவது அனுப்பினால் நம்ப வேண்டாம். இரண்டு பக்கத்திலும் பொதுவாக உள்ள பாடங்களை அடிக்கோடிட்டு எடுத்துப் போகட்டும். அட்வைசரிடம் பிசினஸ் என்று மட்டும் சொன்னால் வேதியியலே அட்டவணையில் வராது. லேப் பிரிவுகள்தான் முதலில் நிரம்பும், அதனால் வேதியியல் லேபைப் பிடித்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி அடுக்கச் சொல்லுங்கள்.